பெயரில் புதைத்த மலைகள்

கவிஞர்கள் கூடும் வட்டத்தின் மலரில் யுரேனியச் சுரங்கக் கழிவுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கக்கூடும். மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது சங்க இலக்கியம் பற்றியோ காப்பியம் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆயினும் சொல்லைப் பேணுவதும் சொல்லை மறைப்பதும் நம் துறைக்கு உரிய பொருள்களே. ஒரு பொய்ப்பெயரின் நிழலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குவிந்த கல்மேடுகளும், அவற்றை உள்ளபடி எழுத முயன்றோர் பட்ட பாடும், பின்னர் அம்மேடுகளை அகற்றியும் மூடியும் காத்து வருகின்ற முயற்சியும் கிழக்கு ஜெர்மனியின் அண்மைக்கால வரலாற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அப்பின்னலை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாதுமலையின் சொற்கள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துக்கும் செக் நாட்டின் பொஹீமியப் பகுதிக்கும் இடையே எல்லையாக நீண்டு கிடப்பது எர்ட்ஸ்கெபிர்கெ என்னும் மலைத்தொடர். தாதுமலை என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். பொஹீமியச் சரிவிலுள்ள யோவாகிம்ஸ்தால் என்னும் ஊரின் வெள்ளியில் அடித்த நாணயத்துக்குத் தாலர் என்று பெயர் வழங்கிற்று. இன்று உலகச் சந்தையை ஆளும் டாலர் அச்சொல்லின் பேத்தி என்பது மொழியாராய்ச்சியாளர் அறிந்த செய்தி.

வெள்ளி தேடித் தோண்டியவர்களுக்கு அடிக்கடி ஒரு கருங்கல் எதிர்ப்பட்டது. கனமிருந்தும் அதில் வெள்ளி இல்லை. அதற்கு அவர்கள் பெஷ்பிளெண்ட என்று பெயரிட்டனர். பெஷ் என்பது கீல்; அதே சொல் கெட்ட காலத்தையும் குறிக்கும். பிளெண்ட என்பது கண்ணை மயக்கி ஏமாற்றும் கல்லுக்கு வழங்கும் சுரங்கச் சொல். கீல்போல் கறுத்து, கண்டவனை ஏமாற்றி, கெட்ட காலத்தையும் உடன்கொண்டு வரும் கல் என மூன்று பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. படிப்பறியாத தொழிலாளர் வாயில் பிறந்த இச்சொல்லின் செறிவு என்னை வியப்பில் ஆழ்த்துவது. 1789ஆம் ஆண்டில் மார்ட்டின் கிளாப்ரோத் என்னும் வேதியியலார், இம்மலையின் யொஹான்கேயோர்கென்ஷ்டாட் என்னும் சுரங்க ஊரிலிருந்து வந்த பெஷ்பிளெண்டக் கல்லை ஆராய்ந்து அதில் ஒரு புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெர்ஷல் கண்டறிந்த யுரேனஸ் கோளின் பெயரை அதற்குச் சூட்டினார். பாதாளத்துப் பொருள் வானத்துப் பெயர் பெற்றது இவ்வாறு.

இம்மலையின் ஷ்னேபெர்க் பகுதிச் சுரங்கத் தொழிலாளரை ஒரு நோய் நூற்றாண்டுக் கணக்கில் வாட்டியது. மார்பு இறுகி, மூச்சுத் திணறி, நடுவயதிலேயே மாண்டனர். ஊரின் பெயராலேயே ஷ்னேபெர்க் நோய் என்று அதனை அழைத்தனர். அது நுரையீரலில் எழும் புற்று என்பதை ஹெர்ட்டிங், ஹெஸ்ஸெ என்னும் இரு மருத்துவர் 1879இல் எடுத்துரைத்தனர். சுரங்கக் காற்றில் கலந்த ரேடான் என்னும் வாயுவும் அதன் வழித்தோன்றல்களுமே அதற்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. அருகிலுள்ள ஓபர்ஷ்லெமா என்னும் ஊரிலோ அதே ரேடான் மிகுந்த ஊற்றுநீரை மருந்தெனக் கொண்டு 1918இல் நீராடு துறை ஒன்று எழுந்தது. நோயாளிகள் நாடெங்குமிருந்து அங்கு வந்தனர். ஒரே மலையின் காற்று கூற்றாகவும் நீர் மருந்தாகவும் கருதப்பட்ட காலம் அது.

விஸ்முட்

1945இல் ஜப்பானின் இரு நகரங்களை அணுகுண்டுகள் அழித்தன. சோவியத் ஒன்றியத்துக்கு உடனடியாக யுரேனியம் தேவைப்பட்டது. தன் ஆளுகைக்குள் வந்திருந்த ஜெர்மன் நிலத்தில் தாதுமலை இருந்தது. 1947இல் அங்கு ஒரு நிறுவனம் தோன்றியது. அதற்கு வைத்த பெயர் விஸ்முட். ஜெர்மன் மொழியில் அது பிஸ்மத் என்னும் உலோகத்தின் பெயர். தீங்கற்ற, பெரிதும் விலைபோகாத உலோகம். யுரேனியம் என்ற சொல் பெயர்ப்பலகையில் வரலாகாது என்பதற்காகவே இப்பெயரைத் தேர்ந்தனர். நிறுவனத்தின் முதல் தலைவர் மிக்கயீல் மால்ட்செவ் என்னும் படைத்தளபதி. அதற்கு முன் வடதுருவ வட்டத்தை ஒட்டிய வொர்கூத்தா சிறைமுகாம்களை நடத்தியவர் அவர். சுரங்கங்களுக்கும் ஊர்ப்பெயர் இல்லை. ஒப்யெக்ட் என்ற சொல்லோடு ஓர் எண். ஒப்யெக்ட் 02 என்றால் ஓபர்ஷ்லெமா. ஒப்யெக்ட் 90 என்றால் துரிங்கியாவின் ரோன்னெபுர்க் வட்டாரம்.

1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் வெடித்த முதல் குண்டுக்குப் பின் தாதுமலையின் தோண்டல் மேலும் விரைந்தது. 1950களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். போர்க்கைதியாக இருந்து மீண்டவர், வீடிழந்து கிழக்கிலிருந்து வந்தவர், கட்டாயத்தால் அனுப்பப்பட்டவர், நல்ல கூலிக்காகத் தாமே வந்தவர் என அனைவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். தூசியை அடக்க நீர் தெளிக்காமல் வறண்ட பாறையைத் துளையிட்ட ஆண்டுகள் அவை. 1879இலேயே அச்சில் வந்த மருத்துவ உண்மையை அந்த அவசரத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. 1990 வரை தொழில்நோய் என அரசே ஒப்புக்கொண்ட நுரையீரல் புற்று ஐயாயிரத்துக்கும் மேல். பிற்காலத்தில் ஏறத்தாழ 59,000 விஸ்முட் தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை ஒருசேர ஆராய்ந்த ஆய்வு, ரேடானின் தீங்கு பற்றிய உலக அறிவுக்கே அடிப்படைகளில் ஒன்றாயிற்று.

ஓபர்ஷ்லெமாவின் நீராடு துறை மூடப்பட்டது. ஊரின் நடுப்பகுதி இடிந்தது. கிளாப்ரோத்துக்குக் கல் தந்த யொஹான்கேயோர்கென்ஷ்டாட்டின் பழைய நகரம் 1950களில் இடித்து அகற்றப்பட்டது. ரோன்னெபுர்க் அருகே ஷ்மிர்ஷாவ் என்னும் சிற்றூர் முழுவதுமாக மறைந்தது. அப்பகுதியில் லிக்டென்பெர்க் என்னும் திறந்தவெளிச் சுரங்கம் 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு வாய் பிளந்தது. 1954இல் நிறுவனம் சோவியத்-ஜெர்மன் கூட்டு நிறுவனமாக மாறிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. 1990 டிசம்பர் இறுதியில் தோண்டல் நின்றபோது கணக்கிட்டனர்: எடுத்த யுரேனியம் ஏறத்தாழ 2,31,000 டன்.

எடுத்தது அவ்வளவு எனின், விட்டது எவ்வளவு என்பதே நம் பொருள். ரோன்னெபுர்க் போன்ற இடங்களில் ஆயிரம் கிலோ தாதுவில் ஒரு கிலோ யுரேனியம் கிடைத்தாலே பெரிது. தாதுவை அடைய வெட்டிய வெறும்பாறை கல்மேடாகும். தாதுவை அரைத்து, அமிலத்திலோ காரத்திலோ கரைத்து யுரேனியத்தைப் பிரித்தபின் எஞ்சுவது ஆலைச்சேறு. அதனைக் கரைகட்டிய பெருங்குளங்களில் விட்டனர். 1990இல் விஸ்முட்டின் கணக்கில் இருந்த கல்மேடுகள் 48. அவற்றின் அளவு ஏறத்தாழ 31 கோடிக் கன மீட்டர். சேற்றுக்குளங்களில் மேலும் 16 கோடிக் கன மீட்டர். மக்கள் வாழும் ஊர்களுக்கு நடுவேதான் இவ்வளவும் இருந்தன. சுரங்கக் கல்லைச் சாலைக்கும் கட்டுமானத்துக்கும் எடுத்துச் சென்றதும் உண்டு.

இங்கே தமிழாசிரியருக்கே உரிய ஓர் இடைக்குறிப்பு. கழிவு என்னும் நம் சொல் கழிதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கழிதல் கடந்துபோதல், நீங்குதல். பொழுது கழியும், பிணி கழியும், ஆண்டும் கழியும். ஆலைச்சேறு கழிவதில்லை. தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்தாலும் அதன் வழித்தோன்றல்களான தோரியம், ரேடியம் ஆகியவை சேற்றிலேயே தங்குகின்றன. தாதுவிலிருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அங்கேயே இருக்கிறது. ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் வேண்டும். அந்த ரேடியத்தை ஓயாமல் பிறப்பிக்கும் தோரியம்-230 பாதியாக 75,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆகவே ரேடியம் குறைந்துவிடும் என்று காத்திருப்பதும் பயனற்றது. பேரெல்லையைக் குறிக்க நம் இலக்கியம் ஊழி என்ற சொல்லைத் தந்துள்ளது. கழிவு என்று இதனைச் சொல்வதைக் காட்டிலும் எச்சம் என்பது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. எச்சம் என்பது எஞ்சி நிற்பது, வழிவழி வருவது, மக்களையும் குறிப்பது.

எழுதியோர் பட்ட பாடு

விஸ்முட்டின் வாழ்வைக் கலையாக்க முயன்றவர்களுள் இருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். கொன்ராட் வோல்ஃப் இயக்கிய 'சூரியனைத் தேடுவோர்' என்னும் திரைப்படம் 1958இல் முடிந்தது. யுரேனியச் சுரங்கமே அதன் களம். சோவியத் தரப்பின் எதிர்ப்பால் அது வெளிவராமல் நின்றது. 1972இல்தான் மக்கள் அதைக் கண்டனர். அரசுக்கு அணுக்கமான ஒரு கலைஞரின் படத்துக்கே அந்நிலை.

வெர்னர் பிராய்னிக் கதை இதனினும் துயரமானது. 1934இல் பிறந்த இவர் இளமையில் சிறிது காலம் விஸ்முட் சுரங்கத்தில் உடலுழைப்புச் செய்தவர். 1959இல் பிட்டெர்ஃபெல்ட் நகரில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில், சுரங்கத் தொழிலாளி பேனாவைக் கையில் எடுக்க வேண்டும் என்ற அறைகூவல் முழங்கிற்று. அவ்வறைகூவலை எழுதியவர் இவரே. பின்னர்த் தாமே பேனா எடுத்தார். விஸ்முட்டின் தொடக்க ஆண்டுகளைப் பொருளாகக் கொண்டு 'திருவிழாத் திடல்' எனத் தமிழாக்கத்தக்க பெரும் புதினம் ஒன்றை எழுதலானார். அதில் குடி இருந்தது, சண்டை இருந்தது, சோவியத் அதிகாரிகள் இருந்தனர், களைப்பும் இருந்தது. 1965 அக்டோபரில் ஓர் இதழில் ஒரே ஓர் இயல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆளுங்கட்சியின் மத்தியக் குழுக் கூட்டத்தில் அதனைக் கடுமையாகத் தாக்கினர். விஸ்முட் தொழிலாளர் பெயரிலேயே ஒரு கண்டனக் கடிதம் கட்சி நாளேட்டில் வந்தது. அவையில் எழுந்து பிராய்னிக்குக்காகப் பேசியவர் கிறிஸ்டா வோல்ஃப் என்னும் எழுத்தாளர். அப்பேச்சு பயன் தரவில்லை. புதினம் பெட்டிக்குள் போயிற்று. 1976இல், 42ஆம் வயதில், பிராய்னிக் மறைந்தார்.

சேற்றுக்குளங்களும் கல்மேடுகளும் அவ்வளவில் அச்சேறாமலே இருந்தன. 1988இல் கேரா நகர்ப் பகுதியைச் சேர்ந்த மிக்காயேல் பெலைட்டெஸ் என்னும் இளைஞர் ஒரு சிறுநூல் எழுதினார். விலங்குகளைப் பாடம் செய்து காட்சிக்கு வைக்கும் தொழில் கற்றவர் அவர். நாட்டில் யுரேனியம் தோண்டுவதும், அதனால் நிலமும் நீரும் தொழிலாளர் உடலும் அடையும் கேடும் அந்நூலின் பொருள். அச்சகங்கள் அரசின் கையில் இருந்தமையால், விட்டென்பெர்க் நகரத் திருச்சபை ஆய்வகத்தின் துணையோடு திருச்சபையின் உட்பயன்பாட்டுக்கு உரியது என்னும் போர்வையில் படியெடுத்துப் பரப்பினர். உளவுத்துறை அவரைத் தொடர்ந்து வேட்டையாடியது. அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'பெஷ்பிளெண்ட'. அரசு பிஸ்மத் என்று சொல்லி மறைத்த பொருளுக்குப் பழந்தொழிலாளரின் சொல்லையே அவர் மீட்டுக் கொடுத்தார். நல்ல கவிஞன் செய்யும் செயல் என்று இதனைக் கூறத் தோன்றுகிறது. அவரோ கவிதை எதுவும் எழுத எண்ணியவர் அல்லர். குடிநீர் பற்றிக் கவலைப்பட்டவர்.

மூடுதலும் காத்தலும்

ஜெர்மனி ஒன்றானபின் 1991இல் சோவியத் ஒன்றியம் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. சீர்செய்யும் பொறுப்பிலிருந்தும் விடுபட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி விஸ்முட் நடுவண் அரசின் நிறுவனமாயிற்று. தோண்டுவதற்கென்று அமைந்த நிறுவனமே மூடுவதற்கென்று மாறியது. சுரங்கத் தொழிலாளரே மூடுநராயினர். ஒதுக்கத் திட்டமிட்ட தொகை 1,300 கோடி மார்க். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முடியும் என்று கருதினர்; அக்கணக்கு பின்னர்ப் பலமுறை நீண்டது.

ரோன்னெபுர்க் கல்மேடுகளில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கல் மிகுதி. காற்றும் மழையும் படப்பட அது கந்தக அமிலமாக ஊறி, கல்லிலுள்ள யுரேனியத்தையும் பிற உலோகங்களையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுசெல்லும். மேலே மண்ணைப் போட்டு மூடினால் மட்டும் போதாது. ஆதலின் மேடுகளையே தூக்கி லிக்டென்பெர்க் குழிக்குள் இடுவது என்று முடிவு செய்தனர். அமிலம் மிகுதியாக ஊறும் கல்லைக் குழியின் அடியில் வைத்தனர். நிலத்தடி நீர் மீண்டும் ஏறும்போது அது நீருக்குள் மூழ்கும்; அங்கே காற்று எட்டாது; அமிலம் ஊறுவதும் அடங்கும். நடுத்தரமானதை அதன்மேலும், ஓரளவு தீங்கற்றதை மேற்பரப்பிலும் அடுக்கினர். தேவைப்பட்ட இடத்தில் சுண்ணாம்பு கலந்தனர். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் ராட்சதச் சரக்கு வண்டிகள் ஓடின. பத்துக் கோடிக் கன மீட்டருக்கும் மேற்பட்ட கல் அந்தக் குழிக்குத் திரும்பிற்று.

சேற்றுக்குளம் இதனினும் கடினம். கரையோரம் மணல் படிந்து இறுகியிருக்கும். நடுவில் நுண்சேறு தயிரினும் இளகிக் கிடக்கும். அதன்மேல் மனிதர் நிற்க முடியாது. முதலில் மேலே தேங்கிய நீரை இறைத்துச் சுத்திகரித்தனர். பின்னர்ச் சேற்றின்மேல் செயற்கை இழைப்பாய்களையும் வலைகளையும் விரித்து மெல்லிய மண் பரப்பினர். விளக்குத்திரி போன்ற நீண்ட வடிகால் நாடாக்களைச் சேற்றுக்குள் செங்குத்தாக இறக்கினர். மேலே மண்ணின் பாரம் ஏற ஏற, ஈரத்துணியைப் பிழிவதுபோல் நீர் அத்திரிகளின் வழியே மேலெழுந்து வெளியேறும். சேறு தாழ்ந்து இறுகும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதன்பின்னரே கரைகளைச் சரிவாக்கி, மழைநீர் தங்காமல் வழியுமாறு மேடு வகுத்து, இறுதி மண்போர்வை இட்டுப் புல்லும் மரமும் நட முடியும். ஹெல்ம்ஸ்டோர்ஃப், ட்ரூன்ட்ஸிக் முதலிய குளங்கள் இவ்வாறு மூடப்பட்டன. அனைத்திலும் பெரியதான குல்மிட்ச் குளத்தின் பணி 2020களிலும் நடந்தது.

இத்தகைய போர்வை எத்துணைக் காலம் நிற்கும்? அமெரிக்காவில் 1983இல் வகுத்த விதி, இயன்றவரை 1,000 ஆண்டுகளுக்கும் குறைந்தது 200 ஆண்டுகளுக்கும் நிற்குமாறு அமைக்க வேண்டும் என்கிறது. சட்டம் எழுதுவோருக்கு ஆயிரம் ஆண்டு நெடியது. ரேடியத்துக்கு அது அரைவாழ்வுக்கும் குறைவு. எலி வளை பறிக்கும், மரவேர் ஊடுருவும், வெள்ளம் கரையை அரிக்கும். எனவே போர்வைக்குக் காவல் வேண்டும். காவலருக்குத் தாம் எதைக் காக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பொறியியலார் பேச்சு முடிந்து, ஏட்டைப் பேணும் நம்மைப் போன்றோரின் பேச்சு தொடங்கும் இடம் இதுதான்.

2007

ரோன்னெபுர்க்கின் அடையாளமாக நெடுந்தொலைவிலிருந்து தெரிந்தவை ரோய்ஸ்ட் கிராமத்தருகே நின்ற இரட்டைக் கூம்புமேடுகள். நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த அவற்றைப் பிரமிடு என்றே மக்கள் அழைத்தனர். 2004க்கும் 2007க்கும் இடையே அவற்றையும் அகற்றிக் குழிக்குள் இட்டனர். வருந்தியவர்கள் உண்டு. அம்மேட்டைக் குவித்தவர்களும் அவர்தம் மக்களும் அங்கு வாழ்கின்றனர். வீட்டு வாசலிலிருந்து பார்க்கும் தொடுவானம் ஒரே நாளில் வெறுமையாவது எளிதன்று. நிலத்தடி நீருக்கு அஞ்சியவர்களுக்கோ அது நிம்மதி. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. எனினும் அமிலம் ஊறும் மேட்டை நினைவுச்சின்னமாக நிறுத்திவைப்பதற்கு அங்குள்ள ஓடைகள் கொடுக்க வேண்டிய விலையை எண்ணின், அகற்றியதே தக்கது என்பேன்.

2007 ஏப்ரலில் கேராவிலும் ரோன்னெபுர்க்கிலும் நாடளாவிய தோட்டக் கண்காட்சி தொடங்கிற்று. கெஸ்ஸென் பள்ளத்தாக்கின் குறுக்கே மரத்தாலான நெடும்பாலம், சரிவெங்கும் மலர்ப்பாத்திகள், காண வந்தோர் கூட்டம். அதே ஆண்டில், பிராய்னிக்கின் புதினம் நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து நூலாக வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் கிறிஸ்டா வோல்ஃப். கற்றோர் அதனைக் கொண்டாடினர். அது பரிசுப் பட்டியலிலும் இடம்பெற்றது. குழி மூடிய ஆண்டே பெட்டி திறந்த ஆண்டும் ஆயிற்று. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆயினும் அத்தோட்டத்தில் நடந்தவருள், கையில் அப்புதினம் இருந்தவர் தம் காலடியில் என்ன கிடக்கிறது என்பதை அறிந்து நடந்திருப்பார்.

ஏனெனில் நன்றாக மூடிய எச்சத்துக்கு ஓர் இடர் உண்டு. புல் முளைக்கும்; ஆடு மேயும்; இரண்டு தலைமுறையில் அது இயற்கைக் குன்றாகத் தோன்றும். கிணறு வெட்டலாமா, வீடு கட்டலாமா என்று ஒருவர் கேட்கும்போது விடை கூறப் புல்லால் இயலாது. பட்டியலில் இல்லாத எச்சத்துக்கு நேர்ந்ததை அப்போதே கண்டார்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டம், 1990 ஜூன் 30 அன்று விஸ்முட்டின் உடைமையாக இருந்த இடங்களை மட்டுமே கணக்கில் கொண்டது. 1950களிலும் 1960களிலும் தோண்டி முடித்து ஊராட்சிகளிடம் திருப்பிக் கொடுத்த மேடுகள் விடுபட்டன. சாக்சனியில் அத்தகைய இடங்கள் மிகப் பல. யொஹான்கேயோர்கென்ஷ்டாட்டும் அவற்றுள் அடங்கும். 2003இல் நடுவண் அரசும் மாநில அரசும் தனி உடன்படிக்கை செய்து 7 கோடியே 80 லட்சம் யூரோ ஒதுக்கிய பின்னரே அவற்றில் பணி தொடங்கிற்று. யுரேனியத்துக்கு அத்தனிமப் பெயரையே பெற்றுத் தந்த ஊர், ஒரு தாளில் பெயர் இல்லாமையால் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது.

ஷ்லெமா வட்டாரத்தின் சுரங்கம் ஏறத்தாழ 1,800 மீட்டர் ஆழம் சென்றது. அதில் நீரை ஏறவிட்டனர். ஏறிய நீரில் யுரேனியமும் ரேடியமும் ஆர்செனிக்கும் கலந்திருந்தன. சுத்திகரித்த பின்னரே ட்ஸ்விக்காவ் மூல்டெ ஆற்றில் விட முடிந்தது. பிரிந்த கசடைச் சிமெண்டோடு கலந்து இறுக்கி அருகிலுள்ள கல்மேட்டில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் வைத்தனர். அந்த ஆலை இன்னும் பல பத்தாண்டுகள் நிற்காமல் ஓடியாக வேண்டும். ரேடான் வாயு வீடுகளுக்குள் ஏறாதவாறு சுரங்கக் காற்றை விசிறிகள் ஊருக்கு வெளியே இழுத்துத் தள்ளும் ஏற்பாடும் உண்டு. அவ்வூரில் 1998இல் மீண்டும் மருத்துவ நீராடு துறை திறந்தனர். 2005இல் நீராடு தலத்துக்குரிய 'பாட்' என்னும் அடைமொழியையும் அரசு வழங்கிற்று.

ரோன்னெபுர்க்கில், மூடிய குழியின்மேல் எழுப்பிய குன்றுக்கு, மறைந்துபோன சிற்றூரின் பெயரால் ஷ்மிர்ஷாவ் மேடு என்று பெயர் வைத்தனர். 2012இல் அதன் உச்சியில் சுரங்கத் தொழிலாளரின் கைவிளக்கு வடிவில் ஒரு கோபுரம் எழுந்தது. தோட்டத்துக்குள் விஸ்முட்டின் வரலாற்றைக் காட்டும் காட்சியகமும் அமைந்தது. வாயிற்பலகையில் எழுதிய பெயர்: ஒப்யெக்ட் 90.